டெட்ராய்ட்டின் பிளாக் பாட்டம்: வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் தொழிற்சாலைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் டெட்ராய்ட்டில் வாழ்ந்த கறுப்பின மக்களின் வாய்மொழிப் பதிவுகளைப் படிக்கவும் கேட்கவும் தொடங்குபவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். தொடக்கத்தில் இருப்பவை எளியவை. கீழே போகப்போகச் சிக்கல் கூடும்.

பிளாக் பாட்டம்னா என்ன? ஊரா, தெருவா?

டெட்ராய்ட் நகர மையத்துக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய ஒரு குடியிருப்புப் பகுதி. கருநிற வண்டல் மண்ணை வைத்து பிரெஞ்சு விவசாயிகள் காலத்திலேயே வந்த பெயர் அது. கறுப்பர்கள் அங்கே குடியேறியது அதற்குப் பல காலம் கழித்து. கிராஷியட் அவென்யூவுக்குத் தெற்கே இருந்தது பிளாக் பாட்டம். வடக்கே கடைகள், ஹோட்டல்கள், இசை விடுதிகள் நிறைந்த பகுதி பாரடைஸ் வேலி. இரண்டையும் ஊடறுத்து ஓடியது ஹேஸ்டிங்ஸ் தெரு. பேட்டிகளில் இந்த இரண்டு பெயர்களையும் கலந்துதான் பேசுவார்கள், எல்லைக்கோடு போட்டுப் பேச மாட்டார்கள். அதனால் பகுதியின் பெயரை விட்டுவிட்டு, சொல்லப்படும் குறுக்குத்தெருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பேர் ஏன் அங்கே போனாங்க?

வேலைக்காக. முதல் உலகப் போரால் ஐரோப்பாவிலிருந்து ஆள்வரத்து நின்றது, தொழிற்சாலைகளுக்குக் கைகள் தேவைப்பட்டன. ஜார்ஜியா, அலபாமா போன்ற தென்மாநிலங்களில் குத்தகைக் கடனும் இனவெறி வன்முறையும் மக்களைத் துரத்தின. 1910இல் டெட்ராய்ட்டில் கறுப்பர்கள் 5,741 பேர். 1920இல் 40,838, 1930இல் 1,20,066, 1950இல் 3,00,506. வந்தவர்கள் நகரெங்கும் பரவ முடியவில்லை. கறுப்பர்களுக்கு விற்கமாட்டோம் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். ஆகவே கிழக்குப் பகுதியின் பழைய மரவீடுகளுக்குள்ளேயே ஆள்மேல் ஆளாக நெருக்கிக்கொண்டார்கள்.

வாய்மொழி வரலாறுன்னா பேட்டிதானே? இதுக்குத் தனிப் பேர் எதுக்கு?

பத்திரிகைப் பேட்டி எடுப்பவர் தனக்கு வேண்டிய நாலு வரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே முழு ஒலிப்பதிவு அல்லது முழு எழுத்துப்படி காப்பகத்தில் இருக்கும். யார் கேட்டார், என்றைக்கு, எங்கே வைத்து, பேசியவர் என்ன உரிமை கொடுத்தார் என்பதெல்லாம் கூடவே இருக்கும். வேறொருவர் போய் அதே பதிவைக் கேட்டு முதலாமவரின் முடிவை மறுக்கலாம். அந்த வசதி இல்லாத பதிவை நாங்கள் வாய்மொழி வரலாறு என்று எண்ணுவதில்லை.

அடிமையா இருந்தவங்ககிட்ட எடுத்த பேட்டிகளும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அது 1936 முதல் 1938 வரை மத்திய அரசின் எழுத்தாளர் திட்டத்தின் கீழ் 17 மாநிலங்களில் எடுக்கப்பட்டது, 2,300க்கும் மேற்பட்ட பேட்டிகள். பெரும்பாலும் கையால் குறிப்பெடுத்து எழுதியவை. நம்முடையது அவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமுறை, தொழிற்சாலைக் கூலிகளாக நகரத்துக்கு வந்தவர்கள்.

ஆனால் பழைய தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. அங்கே கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சிலர் அதே ஊர்ப் பண்ணைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், உதவித்தொகைக்குச் சிபாரிசு செய்யக்கூடியவர்கள் என்று பேசியவர்கள் நினைத்தார்கள். பதில்கள் அதற்கேற்ப வளைந்தன. டெட்ராய்ட் பேட்டியை எடுத்தாலும் முதல் பக்கத்தில் கேட்டவர் யார் என்று பாருங்கள். தொழிற்சங்கத்துக்காரர் கேட்டால் சங்கக் கதை முன்னே வரும். தேவாலயத்தில் உட்கார்ந்து பேசினால் போதகரைப் பற்றிய குறை வெளியே வராது.

எங்கே கிடைக்கும்? வீட்டிலிருந்தே படிக்கலாமா?

தொழிலாளர் பக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வால்டர் ராய்தர் நூலகம். தொழிலாளர் இயக்கத்தில் இருந்த கறுப்பர்களின் வாய்மொழிப் பதிவுகள் அங்கே தனித் தொகுப்பாக இருக்கின்றன, 1960களின் பிற்பகுதியை ஒட்டி எடுத்தவை. கார்த் தொழிலாளர் சங்க முன்னோடிகளின் பேட்டிகள் வேறு தொகுப்பு. இரண்டிலும் தேடுங்கள். ஊர், தெரு, படம் இவற்றுக்கு டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் தொகுப்பு.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: டெட்ராய்ட் வரலாற்றுச் சங்கம் 1967 கலகத்தைப் பற்றி எடுத்த பேட்டிகள் இணையத்தில் இருக்கின்றன. தலைப்பில் 1967 என்று இருப்பதால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கே பிறந்தீர்கள், எந்தத் தெருவில் வளர்ந்தீர்கள் என்றுதான் அந்தப் பேட்டிகள் தொடங்குகின்றன. முதல் பத்து நிமிடத்திலேயே ஹேஸ்டிங்ஸ் தெரு வந்துவிடும்.

எல்லாரும் ஃபோர்டு, ஃபோர்டுன்னே சொல்றாங்களே, வேற கம்பெனியே இல்லையா?

இருந்தன. பேக்கார்டு, டாட்ஜ், பிரிக்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாம் இருந்தன. ஆனால் அங்கே கறுப்பர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் துப்புரவு, பெயிண்ட் அறை, ஃபவுண்டரி வேலை, அதுவும் கொஞ்சப் பேருக்கு. ஃபோர்டு மட்டும் பெருந்தொகையாக எடுத்தது. 1920களின் நடுவில் சுமார் 10,000 கறுப்பர்கள் அங்கே வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் டியர்பார்னில் இருந்த ரூஜ் ஆலையில். அடிப்படைக் கூலியில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வித்தியாசம் வைக்கவில்லை. வேலையைப் பிரிப்பதில் வைத்தார்கள்.

கூலி பற்றி ஒரு எச்சரிக்கை. “ஃபோர்டு ஒரு நாளைக்கு 5 டாலர் கொடுத்தார்” என்று 1925இல் சேர்ந்தவர்கூடச் சொல்வார். 5 டாலர் அறிவிப்பு வந்தது 1914 ஜனவரி. 1919இல் அது 6 டாலராகிவிட்டது. 1929 கடைசியில் 7 டாலர், மந்தநிலையில் மறுபடி இறக்கினார்கள். பேசுபவர் பொய் சொல்லவில்லை, ஊரில் அத்தனை பேர் வாயிலும் நிலைத்துவிட்ட எண் அது. தன் கையில் வாங்கிய தொகை வேண்டுமென்றால், சம்பள நாளன்று வீட்டு வாடகைக்கு எவ்வளவு எடுத்துவைத்தார்கள் என்று கேட்ட பேட்டிகளைத் தேடுங்கள்.

ஃபவுண்டரி வேலை பத்தி வர்ற இடமெல்லாம் புரியல. அப்படி என்ன கஷ்டம் அதுல?

கோயம்புத்தூர்ப் பக்கம் ஃபவுண்டரி பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மணலை இறுக்கி மோல்டு செய்வது, உள்ளே துளைகள் வரவேண்டிய இடத்துக்குக் கோர் செய்து சூளையில் வேகவைப்பது, உருகிய இரும்பை ஊற்றுவது, ஆறியதும் மோல்டை உடைத்து உதறி வார்ப்பை வெளியே எடுப்பது, கடைசியில் ஃபெட்லிங், அதாவது பிசிறைத் தட்டித் தேய்ப்பது. ரூஜில் எஞ்சின் பிளாக்குகள் இப்படி வந்தன. ஊற்றும் இடத்தில் வெக்கையும் தெறிப்பும். கோர் அறையில் எண்ணெய்ப் புகை. மோசமானது உதறும் இடம்: சுட்ட மணல் தூளாகிப் பறக்கும், காது அடைக்கும் சத்தம், வார்ப்பு இன்னும் சூடாகவே இருக்கும்.

ஆகவே “ஃபவுண்டரியில் இருந்தேன்” என்ற ஒரே வரியை வைத்து முடிவுகட்டாதீர்கள். எந்தப் பகுதி, எத்தனை வருடம் என்று பார்க்க வேண்டும். மெல்லிய சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுப்பது வருடக்கணக்கில் ஆகிற காரியம். நெடுநாள் தூசியைத் தின்றவர்களில் பலர் ஒலிப்பதிவுக் கருவி வரும்வரை உயிரோடு இல்லை. கோர் அறையிலோ கிரேன் மேலேயோ வேலை பார்த்தவரின் குரல் நமக்குக் கூடுதலாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். எழுத்துப்படி எடுத்த தட்டச்சாளருக்கு இந்தத் தொழில் தெரியாது, ஆகவே சொற்கள் தவறாக விழுந்திருக்கும். வாக்கியம் அர்த்தமில்லாமல் நின்றால் ஒலியைக் கேளுங்கள்.

போதகர்கிட்ட லெட்டர் வாங்கினா ஃபோர்டுல வேலை கிடைச்சதாமே, உண்மையா?

உண்மை. இரண்டாம் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் ராபர்ட் பிராட்பி, புனித மத்தேயு எபிஸ்கோப்பல் தேவாலயத்தின் எவரார்டு டேனியல் போன்றவர்களின் பரிந்துரைக் கடிதத்துக்கு ஃபோர்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மதிப்பு இருந்தது. உள்ளே கறுப்பினத் தொழிலாளர்களைக் கவனித்தவர் டொனால்டு மார்ஷல், முன்னாள் போலீஸ்காரர். வேலைக்காகவே தேவாலயத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பேட்டிகளும் உண்டு.

இதன் மறுபக்கம் 1941இல் தெரிந்தது. ஃபோர்டு ஆலையில் கார்த் தொழிலாளர் சங்கம் நடத்திய ஏப்ரல் வேலைநிறுத்தத்தின்போது கணிசமான கறுப்பினத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். வேலை கொடுத்த கை ஃபோர்டுடையது, வாங்கிக்கொடுத்தது போதகர். சங்கமோ அதுவரை பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஹார்ட்ஃபோர்டு அவென்யூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் சார்லஸ் ஹில் மட்டும் முன்பிருந்தே சங்கக் கூட்டங்களுக்கு இடம் கொடுத்தவர். ஃபவுண்டரித் தொழிலாளி ஷெல்டன் டாப்ஸ் முதல் ஒப்பந்தத்தில் இனப் பாகுபாடு கூடாது என்ற விதியைச் சேர்க்க வைத்தார். அவருடைய பேட்டி ராய்தர் நூலகத்தில் இருக்கிறது. உள்ளே இருந்தவர்களைத் துரோகிகள் என்று எழுதிவிடுவது சுலபம். இந்தக் கணக்கு தெரிந்தபிறகு எழுத வராது.

தொண்ணூறு வயசுக்காரர் ஞாபகத்துலேருந்து சொல்றதை எப்படி நம்புறது?

எதை நம்புவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வருடம், தொகை, எத்தனை பேர் என்பவை எளிதில் வழுக்கும், 5 டாலர் விஷயத்தில் மேலே பார்த்தது போல. இடம், வரிசை, யார் பக்கத்தில் நின்றார் என்பவை உறுதியாக நிற்கும். சலூனுக்கு அடுத்தது மருந்துக்கடை, அதற்கடுத்து மீன்கடை என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வருடத்தை மீட்க ஆணி அடித்த தேதிகள் உதவும். ஃபோர்டு மாடல் டி காரை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது 1927 மே கடைசி, மாடல் ஏ வந்தது டிசம்பர். மிச்சிகன் வங்கிகள் மூடியது 1933 பிப்ரவரி 14. டெட்ராய்ட்டில் வளர்ந்த கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் உலகச் சாம்பியன் ஆனது 1937 ஜூன் 22, ஜெர்மன் வீரர் ஷ்மெலிங்கை வீழ்த்தியது அடுத்த வருடம் அதே தேதியில். “ஜோ லூயிஸ் ஜெயிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் எந்த முதியவரும் தடுமாறுவதில்லை. எழுத்துப்படியிலும் இந்த ஆணிகளைத் தேடி, இடையில் வரும் சம்பவங்களை வரிசைப்படுத்துங்கள். பிறகு மிச்சிகன் க்ரானிக்கிள் இதழோடு ஒப்பிடுங்கள், 1936இலிருந்து கிடைக்கும்.

பேட்டியில சொன்ன அட்ரஸை மேப்புல தேடினா வரவே இல்லையே?

மூன்று காரணங்கள். ஒன்று, தெருவே இப்போது இல்லை. இரண்டு, டெட்ராய்ட் 1921 ஜனவரி 1 முதல் வீட்டு எண்களை மொத்தமாக மாற்றியது. 1918இல் குடிவந்தவர் குடும்பக் கடிதத்தில் இருக்கும் எண்ணைச் சொன்னால், அந்த எண் இன்னொரு கட்டடத்தைக் காட்டும், அல்லது எதையும் காட்டாது. மூன்று, பேசியவர் முன்வாசல் தெருவைச் சொல்லாமல் பின்பக்கச் சந்தின் பெயரைச் சொல்லியிருப்பார்.

செய்ய வேண்டியது: முதலில் 1920, 1930, 1940, 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பதிவேட்டில் குடும்பப் பெயரைத் தேடுங்கள். 72 வருடம் கழித்துத்தான் வெளியிடுவார்கள் என்பதால் 1950 வரை மட்டுமே கிடைக்கும், 1960 வர 2032 ஆகும். அதில் கிடைத்த எண்ணை சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தில் வையுங்கள். மரவீடு மஞ்சள், செங்கல் வீடு இளஞ்சிவப்பு, எத்தனை மாடி என்பதும் போட்டிருக்கும். கடைசியாக, நிலம் கையகப்படுத்துவதற்காக நகராட்சி 1949–50இல் எடுத்த வீட்டுப் படங்கள் பர்ட்டன் தொகுப்பில் இருக்கின்றன. இடிப்பதற்காக எடுத்த படம் என்பதால் வீடு கொஞ்சம் அழுதுவடிந்துதான் தெரியும், அதையும் மனதில் வையுங்கள்.

ஃப்ரீவே வந்துதான் பிளாக் பாட்டம் அழிஞ்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. சரிதானா?

பாதி சரி. பிளாக் பாட்டத்தின் வீடுகள் முதலில் போனது கிராஷியட் மறுசீரமைப்புத் திட்டத்தால். 1946இல் மேயர் ஜெஃப்ரிஸ் காலத்தில் அறிவித்தார்கள், 1950இல் மேயர் கோபோ காலத்தில் இடிக்கத் தொடங்கினார்கள், 129 ஏக்கர். இடித்த நிலத்தில் கட்ட ஆள் வராமல் வருடக்கணக்கில் களை மண்டிக் கிடந்தது. பிறகுதான் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த லாஃபயெட் பார்க் எழுந்தது, பழையவர்கள் திரும்பி வரக்கூடிய வாடகையில் அல்ல. ஹேஸ்டிங்ஸ் தெருவைத் தின்ற கிரைஸ்லர் ஃப்ரீவே 1959இல் தொடங்கி 1964இல் திறக்கப்பட்டது.

இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய பத்து வருடம். பேட்டிகளில் அது ஒரே நாள் ஆகிவிடுகிறது. காரணம் எளிது: ஃப்ரீவே இன்றும் கண்ணெதிரே ஓடுகிறது, களைக்காடு இல்லை. திருத்தி அடிக்குறிப்பு போடுங்கள், ஆனால் அந்த வரியை வெட்டாதீர்கள். வீட்டை இழந்தவரும் கடையை இழந்தவரும் ஒருவரல்ல, ஒரே காலமும் அல்ல. யார் எந்த இடிப்பைச் சொல்கிறார் என்று பார்த்தால் அவர் குடித்தனக்காரரா கடைக்காரரா என்பது தெரிந்துவிடும்.

1943 கலவரத்துல கறுப்பினத் தாயையும் குழந்தையையும் பாலத்துலேருந்து வீசினாங்கன்னு ஒருத்தர் சொல்றார். நடந்ததா?

நடக்கவில்லை. ஜூன் 20 இரவு பெல் ஐல் தீவில் கைகலப்பு தொடங்கியபின், ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஃபாரஸ்ட் கிளப்பின் ஒலிபெருக்கியில் அந்தச் செய்தி அறிவிக்கப்பட்டது. அதே நேரம் வெள்ளையர் பகுதியில், பாலத்தில் கறுப்பர்கள் ஒரு வெள்ளைப் பெண்ணைச் சீரழித்தார்கள் என்று வதந்தி. இரண்டும் பொய். ஆனால் கிளப்பில் நின்று அதைக் கேட்டேன் என்று ஒருவர் சொன்னால் அந்தக் கேட்டது உண்மை. “நடந்தது”, “கேட்டேன்” என்று பக்க ஓரத்தில் இரண்டு குறி போட்டுக்கொண்டு படியுங்கள்.

இறந்தவர்கள் 34 பேர், அதில் கறுப்பர்கள் 25, அவர்களில் 17 பேரைக் கொன்றது போலீஸ். பேட்டி எடுத்த வருடத்தையும் பாருங்கள். 1967க்குப் பிறகு பேசியவர்கள் 1943ஐ அதன் வழியாகத்தான் நினைவுகூர்கிறார்கள், சில வேளை ஒரு கலவரத்தின் ராணுவ வண்டி இன்னொன்றில் வந்துவிடும்.

அந்தக் காலம் பொற்காலம், கதவே பூட்ட மாட்டோம்னு எல்லாரும் ஒரே பாட்டு. எதையாவது மறைக்கிறாங்களா?

மறைப்பு கொஞ்சம், கேள்வியின் குற்றம் நிறைய. “உங்கள் தெரு எப்படி இருந்தது?” என்று கேட்டால் அண்டைவீட்டாரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும்தான் வரும். கழிப்பறை உள்ளேயா வெளியேயா, நிலக்கரி எங்கே கொட்டிவைத்தீர்கள், வாடகை வாரமா மாதமா, ஒரு கட்டிலில் எத்தனை பேர், காசநோய் யாருக்கு வந்தது என்று கேட்டால் வேறு தெரு வெளியே வரும். இரண்டும் ஒரே தெருதான்.

உண்மையிலேயே வாய் திறக்காத விஷயம் நம்பர் சீட்டு, அதாவது எண்ணின் மேல் பணம் கட்டும் சூதாட்டம். சட்டவிரோதம், ஆனால் வங்கி கடன் தராத ஊரில் பல கடைகளுக்கு முதல் போட்டது அந்தப் பணம். ஜோ லூயிஸின் மேலாளர் ஜான் ராக்ஸ்பரோ அந்தத் தொழிலுக்காகச் சிறை போனவர். “அப்பா வியாபாரம் செய்தார்” என்று சொல்லி என்ன வியாபாரம் என்று சொல்லாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள், அதற்கு மேல் ஊகித்து எழுத வேண்டாம்.

பெண்கள் பேசுறதே குறைவா இருக்கே?

ஆரம்பகாலத் தொகுப்புகள் சங்கத்தையும் ஆலையையும் தேடிப் போனவை, அங்கே இருந்தவர்கள் ஆண்கள். கறுப்பினப் பெண்களுக்கு ஆலை வாசல் போர்க்காலத்தில்தான், அதுவும் போராடியபின் திறந்தது. அதற்குமுன் வெள்ளையர் வீட்டு வேலை, சலவை, வீட்டில் ஆள் வைத்துச் சாப்பாடு போடுவது. தேவாலயம், மகளிர் அமைப்பு வழியாகத் தேடுங்கள். 1930இல் ஃபேனி பெக் தொடங்கிய இல்லத்தரசிகள் சங்கம் கறுப்பர் கடைகளில் வாங்குவோம் என்று வீடுவீடாகப் போனது. அந்த ஆவணங்களும் பர்ட்டனில் உண்டு.

நான் மிச்சிகன்லதான் இருக்கேன். தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் பேசத் தயார். எப்படிப் பதிவு பண்றது?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், டபிள்யூஏவி கோப்பு. ஒற்றை ஒலித்தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். சட்டையில் குத்தும் மைக், வாயிலிருந்து ஒரு சாண் கீழே. ஃப்ரிட்ஜ், மின்விசிறி, ஹீட்டர் சத்தம்தான் பெரும்பாலான பதிவுகளைக் கெடுக்கிறது. முப்பது நொடி பேசவைத்து ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு அமர்வு 90 நிமிடம் போதும், அதற்குமேல் களைப்பில் பதில்கள் சுருங்கும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும், அந்த நேரம் இல்லாமல் ஐந்து பேரைப் பதிவு செய்து குவிக்காதீர்கள்.

பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு, ஆலை பேட்ஜ் ஏதாவது இருந்தால் மேசையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பேச்சு தானாக ஊறும். குடும்பத்தார் கூட உட்கார்ந்தால் பதிலை அவர்கள் சொல்லிவிடுவார்கள். மரியாதையாகத் திருவாளர், திருமதி என்றே அழையுங்கள். அந்தத் தலைமுறையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஃபோர்மேன்கள்தான்.

மேற்கோள் காட்ட அனுமதி வேணுமா?

பொதுவாக வேண்டும். அமெரிக்காவில் பேசியவர் தன் சொல்லுக்கு உரிமையாளர், எழுதிக்கொடுத்தால்தான் காப்பகத்துக்கு மாறும். பழைய எழுத்துப்படிகளின் முதல் பக்கத்தில் நிபந்தனை தட்டச்சு செய்திருக்கும், அதைப் படிக்காமல் இரண்டாம் பக்கம் போகாதீர்கள். நீங்களே பதிவு செய்தால் ஒப்புதல் படிவத்தைப் பேச்சு முடிந்தபின் கையெழுத்து வாங்குங்கள், என்ன சொன்னோம் என்று தெரிந்தபிறகு போடும் கையெழுத்துக்குத்தான் பொருள் உண்டு. காப்பகப் பதிவானால் பேசியவர், கேட்டவர், தேதி, காப்பகம், பக்கம் அல்லது நிமிடம் ஐந்தையும் குறிப்பிடுங்கள். எழுத்துப்படியில் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தால், அச்சில் இருப்பதை எடுத்தீர்களா திருத்தத்தை எடுத்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.